பூட்டிய கேட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. எனக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது. இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, பசியாறாமலே வீட்டு வேலையில் இறங்கிவிட்டேன். தோசைக்கல்லை அடுப்பில் வைக்கும்போது உடம்பில் சீனி இறங்கிக் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பேரன் மட்டும்தான். மகள் வேலை செய்யும் தொழிற்சாலையில் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

"சீனி, சீனி" என்றேன். சீனி டப்பா மேல்தட்டில் இருந்தது, எட்டவில்லை. மைலோ டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். மூடியை நகத்தால் கீறிக் கீறிப் பார்க்கிறான், திறக்க வரவில்லை. கரண்டிக் காம்பால் நெம்ப வேண்டும் என்று அவனுக்கு யாரும் காட்டியதில்லை. நானும் காட்டியதில்லை. கடைசியில் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) சத்தம் கேட்டு வந்து, சாவியைக் கம்பி வழியே வாங்கித் திறந்து, சிராப் கலக்கிக் கொடுத்த பிறகுதான் எனக்குக் கண் தெளிந்தது.

மாலையில் அவனிடம், "அவசரத்துக்கு எந்த எண்ணை அழுத்தணும்?" என்று கேட்டேன். "999" என்று பட்டென்று சொன்னான். பள்ளியில் படம் ஒட்டியிருக்கிறதாம். "அப்புறம் ஏன் கூப்பிடலே?" "உங்க போன் பூட்டியிருந்திச்சி பாட்டி." பூட்டிய திரையிலேயே அவசர அழைப்புக்கு ஒரு பொத்தான் இருப்பது அவனுக்குத் தெரியாது. எனக்கே அன்றைக்கு மகள் காட்டித்தான் தெரியும். சரி, எடுத்தவர்களிடம் என்ன சொல்வாய் என்று கேட்டால், "பாட்டி வீட்டுக்கு வாங்க" என்கிறான்.

நான் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் 19 வருடம் பிள்ளை பார்த்தவள். விடியுமுன்னே தாய்மார்கள் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டப் போய்விடுவார்கள். ஒரு பிள்ளை வீறிட்டால், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயமே ஓடிவரும். யார் பிள்ளை, எந்த வீடு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சத்தம் போடத் தெரிந்தால் போதும். இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்து, நாங்களும் பட்டணத்து வரிசை வீடுகளுக்கு வந்துவிட்டோம். பகலில் வீட்டுக்கு வீடு கேட் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே ஒரு பாட்டியும் ஒரு பிள்ளையும் இருக்கிற வீடுகள் என் வரிசையிலேயே நான்கு.

முகவரி சொல்வது எங்கள் ஊரில் சின்ன விஷயமில்லை. பத்தாங் பெர்ஜுந்தை என்ற எங்கள் ஊரின் பெயர் 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. வீட்டில் நாங்கள் இன்னும் "பத்தாங்" என்றுதான் பேசுகிறோம். தோட்டங்களுக்கோ பலகையில் ஒரு பெயர், நம் வாயில் வேறு பெயர். பிள்ளை காதில் விழுவதெல்லாம் நாம் பேசும் பெயர்தான். அந்தப் பக்கம் எடுப்பவர் மலாயில் கேட்பார். வீட்டில் தமிழே பேசி வளரும் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பதற்றத்தில் "நெனெக் சாய பெங்சான்" (என் பாட்டி மயங்கிவிட்டார்) என்று வாயில் வருமா? பழக்கினால் வரும். பேரனுக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டது. இப்போது வீட்டு எண், ஜாலான் (தெரு), தாமான் (குடியிருப்பு), ஊர் எல்லாம் வரிசையாக மலாயில் சொல்கிறான்.

இதைத் தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டிலிருந்தே செய்து பழக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். நலக்கல்வி பாட நேரத்தில் வாரம் பத்து நிமிடம் போதும். சிம் எடுத்த, பேட்டரி இறங்கிய பழைய கைப்பேசி ஒன்று பிள்ளையின் கையில். அந்தப் பக்கம் ஆசிரியரே எடுப்பவராக இருந்து, "அலாமாட் டி மான?" (முகவரி எங்கே?) என்று கேட்கட்டும். பிள்ளை திணறட்டும், மறுபடி சொல்லட்டும். விளையாட்டுக்கு 999-ஐ அழைத்துவிடுவார்களோ என்று பெற்றோர் பயப்படுவது எனக்குப் புரிகிறது. அப்படிப்பட்ட அழைப்புகள் நிறைய வருவதும் உண்மைதான். அதனால்தான் வகுப்பில் வைத்து, எதற்குக் கூப்பிட வேண்டும், எதற்குக் கூடாது என்று சொல்லிப் பழக்கச் சொல்கிறேன்.

கூடவே, டின் திறப்பது, கேட் பூட்டைத் திறப்பது, கேஸ் அடுப்பை அணைப்பது, ஒரு குவளைத் தண்ணீரில் சீனி கலப்பது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். கிளினிக் தாதி சொல்லித்தான் எனக்கே அது தெரிந்தது.

ஆறாம் ஆண்டில் எழுதும் யூபிஎஸ்ஆர் சோதனையை 2021-இல் எடுத்துவிட்டார்கள். அந்த ஓட்டம் குறைந்த பிறகும் இதற்கு நேரமில்லை என்று சொல்லாதீர்கள். ஆசிரியர்களுக்கு எவ்வளவு வேலை என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்களால் முடியாவிட்டால் என்னைப் போன்ற பாட்டிகளைக் கூப்பிடுங்கள், வந்து உட்கார்ந்து சொல்லித்தருகிறோம். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் பழைய கைப்பேசி இரண்டும், காலி மைலோ டின் ஆறும் எடுத்துப் போகிறேன்.

ஏற்கனவே இப்படிப் பழக்கும் பள்ளி ஏதும் இருந்தால், அந்த ஆசிரியர்கள் இந்தப் பகுதியில் எழுத வேண்டும். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டத்து ஆயா,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர், மலேசியா.