புன்னைக்காயல் தகவல் பலகையில் உள்ள 1658 என்ற ஆண்டை 1586 எனத் திருத்தக் கோரும் மூன்றாவது மனு

அனுப்புநர்: ஓய்வு பெற்ற தமிழாசிரியர், புன்னைக்காயல்.

பெறுநர்: உயர்திரு அலுவலர் அவர்கள்.

பார்வை: திங்கட்கிழமை மனு நாளில் நான் நேரில் அளித்த இரண்டு மனுக்கள் (ஒப்புகைச் சீட்டுகளின் நகல்கள் இணைப்பு).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாமிரபரணி கடலோடு சேரும் எங்கள் ஊரையும், பேருந்து திரும்பும் இடத்துக்கு எதிரே நிற்கும் நீலப் பலகையையும் தாங்கள் நன்கு அறிவீர்கள். 'அண்டிறிக் அடிகளார் 1658-இல் இங்கு தமிழ் நூல் அச்சிட்டார்' என்று அதில் எழுதியிருப்பதைத் திருத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. போர்ச்சுக்கல்லில் பிறந்த அடிகளார் 1546-இல் கோவாவுக்கு வந்து, மறு ஆண்டே முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். தமிழைக் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. 'அடியார் வரலாறு' அச்சேறியது 1586-இல். அது எங்கள் ஊரில்தான் என்பது அறிஞர் பலரின் முடிவு.

2. அடிகளார் இறந்தது 1600-இல். பலகையை நம்பினால், அவர் இறந்து 58 ஆண்டு கழித்து எழுந்து வந்து அச்சுக் கோத்தார் என்று கொள்ள வேண்டும். 1658 என்பது தூத்துக்குடியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைப்பற்றிய ஆண்டு. இரண்டு ஆண்டுகளிலும் அதே நான்கு இலக்கங்கள்தாம். எழுதியவர் இடம் மாற்றிப் போட்டுவிட்டார். பிழை எல்லாருக்கும் நேரும். நேர்ந்ததைத் திருத்த மறுப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

3. என்னை மிகவும் வருத்தியது இதுதான். எங்கள் தெருவில் வலை பின்னுபவரின் மகள், எட்டாம் வகுப்பு மாணவி, பேச்சுப் போட்டிக்காக ஒரு மாதம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பயிற்சி எடுத்தாள். 1586 என்று நான் நூறு முறை சொல்லியிருப்பேன். மேடையில் அவள் 1658 என்றாள். 'அப்போது இங்கே டச்சுக்காரர் அல்லவா வந்துவிட்டார்கள்?' என்று நடுவர் கேட்டதும் குழந்தை விக்கித்து நின்றுவிட்டாள். திரும்பும் பேருந்தில் ஆத்தூர் தாண்டும் வரை அழுதாள். ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, 'சார், நீங்க சொன்னதை விட கவர்மெண்ட் போர்டுல இருக்கிறதுதானே சரியா இருக்கும்னு நெனச்சேன்' என்றாள். ஐயா, முப்பத்தொரு ஆண்டு பாடம் நடத்தியவனின் சொல்லைவிட உங்கள் பலகையை அவள் நம்பினாள். அந்த நம்பிக்கைக்கு என்ன பதில் சொல்லப் போகிறீர்கள்? இரண்டாவது மனுவிலும் இதை எழுதியிருந்தேன். 'வருசம் ஒன்னுதானே ஐயா, யாரு பார்க்கப் போறா' என்று முன்னறையில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிறுமி பார்த்தாள். தினமும் பள்ளிக்குப் போகும்போது இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

4. பலகையைத் திருத்தும்போது, அச்சு வேலைக்குப் பரதவ மக்கள் பொருளுதவி செய்தார்கள் என்ற வரியையும் சேர்க்க வேண்டும். இப்போது படிப்பவர்களுக்கு எல்லாம் போர்ச்சுக்கீசியர் இட்ட பிச்சை போலத் தோன்றும். போர்ச்சுக்கீசியப் படைத்தலைவர் இக்கரை மக்களைப் படுத்திய பாட்டைச் சவேரியாரே 1544-இல் கடிதம் கடிதமாக முறையிட்டிருக்கிறார். எங்கள் கரைக்கு மனு எழுதுவது புதிதல்ல.

5. செலவு ஒரு டப்பா பெயிண்ட். அதையும் நானே தருகிறேன்.

அலமாரி, சாவி, மேசை ஆகிய சொற்களெல்லாம் போர்ச்சுக்கீசியர் நம் மொழியில் விட்டுச் சென்றவை. என் இரண்டு மனுக்களும் அந்த அலமாரி ஒன்றில்தான் கிடக்கின்றன என்று நினைக்கிறேன். சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. வயதானவன் கோபத்தில் எழுதியது மிகையாக இருந்தால் மன்னிக்கவும்.

1658 என்பதை அழித்து 1586 என்று எழுத உத்தரவிடுமாறு மீண்டும் வேண்டுகிறேன். அனுமதி மட்டும் எழுத்தில் கொடுத்தாலும் போதும். ஏணியும் தூரிகையும் என் வீட்டிலேயே இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: ஒப்புகைச் சீட்டு நகல்கள் 2, பலகையின் புகைப்படம் 1.