ஓய்வுபெறும் தேதி உங்களுக்கு முன்பே தெரியுமே!

மத்தியத் தகவல் ஆணையர்களைத் தேர்வு செய்யும் குழுவில் இடம்பெறும் பிரதமர், மக்களவை எதிர்க்கட்சித் தலைவர், மத்திய அமைச்சர் ஆகிய மூவருக்கும் வணக்கம்.

நான் ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பவன். காசு வாங்குவதில்லை, தேநீரை மட்டும் மறுப்பதில்லை. எங்கள் தெருவில் ஓர் அக்கா, கணவர் இறந்தபின் தமக்கு வரவேண்டிய ஓய்வூதியம் ஏன் நின்றுகிடக்கிறது என்று கேட்டு, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டார். 30 நாளில் வரவேண்டிய பதில் வரவில்லை. முதல் மேல்முறையீட்டுக்கும் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் மேல்முறையீட்டை டெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை மட்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தது. அதை மஞ்சள் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு ஒன்றரை ஆண்டு காத்திருந்தார் அக்கா.

முதல் மேல்முறையீட்டை அதிகபட்சம் 45 நாளில் முடிக்கச் சொல்லும் அந்த 2005ஆம் ஆண்டுச் சட்டம், ஆணையத்துக்கு வரும் இரண்டாம் மேல்முறையீட்டுக்குக் கெடு எதையும் வைக்கவில்லை. அங்கே எத்தனை நாற்காலியில் ஆள் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எங்கள் முறை வருகிறது. தலைமை ஆணையர் ஒருவர், மற்ற ஆணையர்கள் பத்துப் பேர் வரை இருக்கலாம். கோப்பை மறைக்கும் அமைச்சகத்திடம், அதற்குக் கட்டுப்படாத ஒருவர் "எடுத்துக் காட்டு" என்று சொல்லவேண்டும். மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை தண்டம் போடவேண்டும். ஆணையம் இருப்பதே இதற்காகத்தான். அதை மூடினால் நாடாளுமன்றத்தில் கூச்சல் எழும். நாற்காலியை நிரப்பாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது.

2014 ஆகஸ்டில் தலைமை ஆணையர் ஓய்வுபெற்றார். அடுத்தவர் வந்தது 2015 ஜூனில். மக்களவையில் எதிர்க்கட்சித் தலைவர் என்று ஒருவர் இல்லாத காலம் அது என்பீர்கள். அப்படியானால் பெரிய எதிர்க்கட்சியின் தலைவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறதே? 2023 அக்டோபரில் ஒரு மாதம் தலைமை ஆணையர் இல்லை. 2025 செப்டம்பரில் காலியான இடம் டிசம்பரில்தான் நிரம்பியது.

இவை விபத்துகள் அல்ல. 65 வயதில் ஓய்வு. பிறந்த தேதி கோப்பிலேயே இருக்கிறது. இடம் காலியாவதற்கு ஓரிரு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஆணையர்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து அரசின் கையில் கொடுத்தார்கள். விதிகள் அதை மூன்றாக்கின. நாற்காலிகள் இன்னும் சீக்கிரம் காலியாகும். நிரப்பும் வேகம் மட்டும் பழையபடியே.

உங்களால் முடியாது என்று நான் நம்பவில்லை. தேர்தல் ஆணையத்துக்கும் இதே அமைப்பில் மூவர் குழுதான். 2025 பிப்ரவரி 18 அன்று தலைமைத் தேர்தல் ஆணையர் ஓய்வுபெறவிருந்தார். 17ஆம் தேதி இரவே அடுத்தவரின் பெயர் அறிவிக்கப்பட்டது. அந்த அவசரத்தை எதிர்த்தவர்களின் நியாயம் வேறு. என் கேள்வி எளிது: அங்கே ஒரு நாள்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்றால், இங்கே மட்டும் ஏன் மாதக்கணக்கு?

எதிர்க்கட்சித் தலைவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. கூட்டத்தில் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்வது உங்கள் உரிமை. கூட்டமே கூட்டப்படாதபோது குரல் கொடுப்பதும் உங்கள் வேலைதான்.

அக்காவின் விசாரணை கடைசியில் ஆட்சியர் அலுவலகக் காணொளி அறையில் நடந்தது. ஏழு நிமிடம். "தகவலைப் போன வாரமே அனுப்பிவிட்டோம்" என்றார் திரையிலிருந்த அலுவலர். உண்மைதான், அனுப்பியிருந்தார்கள். விசாரணைத் தேதி குறித்த கடிதம் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.

ஆணையர் ஒவ்வொருவரும் ஓய்வுபெறும் தேதியை, அவர் இடத்துக்கு விண்ணப்பம் கோரும் தேதியோடு சேர்த்து இப்போதே வெளியிடுங்கள். இல்லையென்றால், அந்தப் பட்டியலைக் கேட்டுப் பணியாளர் துறைக்கு நானே பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டருடன் மனுப் போடுவேன். அதன் இரண்டாம் மேல்முறையீடு எங்கே வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
மனு எழுதிக் கொடுப்பவன்