பாமினியை மாற்றித் தந்த அக்காவுக்கு

மட்டக்களப்பில் நடந்த ஆய்வு மாநாட்டில் எனக்கு உதவிய அக்காவின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். அதனால்தான் இந்தப் பதிவு.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களின் வடமோடிக் கூத்து என்ற மரபு நாடகம் பற்றியது என் கட்டுரை. கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமாரைத் தேடிப் போய்ப் பேசி, கூத்தாடும் களரியில் விடியும்வரை இருந்து எழுதியது. சுருக்கத்தை பிடிஎஃப் ஆக அனுப்பியிருந்தேன், அது சிக்கலில்லாமல் போனது. ஸ்லைட்களைத்தான் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து அப்படியே கொண்டுபோனேன். மண்டபக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். என் முறைக்கு இன்னும் அரைமணி நேரம்கூட இல்லை. கை நடுங்கியது.

பின்வரிசையில் இருந்த நீங்கள் எழும்பி வந்தீர்கள். "பயப்படாதங்க தங்கச்சி, எழுத்து எங்கயும் போகல்ல" என்றீர்கள். உங்கள் மடிக்கணினியில் ஒவ்வொரு ஸ்லைட்டாக, தனி எழுத்துரு இல்லாமலே இன்றைய கணினிகளில் தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றினீர்கள். "மத்தளம்" என்ற சொல்லில் ஒரு புள்ளி விடுபட்டதைக்கூடக் கண்டுபிடித்துத் திருத்தினீர்கள். கடைசியில் பிடிஎஃப் பிரதி ஒன்றும் எடுத்து என் பென் ட்ரைவில் போட்டுத் தந்தீர்கள். அடுத்து உங்களுக்கும் வாசிப்பு இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

15 நிமிடமும் தடங்கலின்றிப் பேசினேன். அண்ணாவியாரின் படம் திரையில் வந்தபோது, கீழே அவர் பெயர் தமிழில் தெளிவாக இருந்தது. அது உங்களால்தான் அக்கா. மனம் நிறைந்த நன்றி. இதைக் கண்டால் ஒரு வார்த்தை எழுதுங்கள், உங்கள் கட்டுரையையும் வாசிக்க ஆசையாக இருக்கிறது.