பாதுகாப்பு என்ற பெயரில் பயணிகளின் சொந்த விவரங்களைத் திரட்டுதல் தொடர்பான முறைப்பாடு

அனுப்புநர்: ஓய்வுபெற்ற ஆசிரியை, ஹட்டன், நுவரெலியா மாவட்டம்.
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை முகாமையாளர், விமான சேவை நிறுவனம், கொழும்பு.

ஐயா / அம்மணி,

கடந்த மாதம் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் சென்ற தங்கள் விமானத்தில் நானும் என் தங்கையின் மகளும் பயணம் செய்தோம். பயணச்சீட்டுகளின் பிரதிகளை இத்துடன் இணைத்துள்ளேன். விமானம் நேரத்துக்குப் புறப்பட்டது. உணவைப் பற்றியோ பொதிகளைப் பற்றியோ எனக்குக் குறையேதும் இல்லை. பயணிகளைப் பதிவு செய்யும் கவுண்டரில் தங்கள் ஊழியர்கள் எங்களிடம் எவற்றைக் கேட்டார்கள், அதற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பது பற்றியே இந்த முறைப்பாடு.

கடவுச்சீட்டும் இந்திய விசாவும் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகும், மகளிடம் தேசிய அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிய ஊழியர், அதில் தேயிலைத் தோட்டத்து முகவரி இருப்பதைக் கண்டதும் எங்கள் இருவரையும் வரிசையிலிருந்து விலகி நிற்கச் சொன்னார். பின்னர் முழுவதும் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு படிவத்தைக் கொடுத்து, மகளின் தொழில், மாதச் சம்பளம், தோட்டத்தின் பெயர், வாட்ஸ்அப் எண், இந்தியாவில் தங்கப்போகும் வீட்டாரின் தொலைபேசி எண், அவள் திரும்பி வருவாள் என்று பொறுப்பேற்கும் ஒருவரின் விவரம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிடச் சொன்னார். அத்துடன் நிற்காமல், அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் மகளின் முகத்தையும் தமது சொந்தக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார். எதற்காக என்று நான் கேட்டபோது, "இது அரசாங்கத்தின் பாதுகாப்பு விதி, விருப்பமில்லையென்றால் ஏற முடியாது" என்பதே பதில். எங்களுக்கு முன்னால் நின்ற கொழும்புக் குடும்பத்திடம் அடையாள அட்டையைக்கூட யாரும் கேட்கவில்லை.

அதன் பின்னரே உண்மையான அரசாங்கச் சோதனைக்குச் சென்றோம். அங்கே பைகள் எக்ஸ்ரே கருவிக்குள் போயின. பெண் உத்தியோகத்தர் ஒருவர் எங்களைத் தடவிப் பார்த்தார். சற்று நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மகளின் சம்பளம் எவ்வளவு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

விமான நிறுவனங்கள் பயணிகளின் விவரங்களை அரசுகளுக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டியிருப்பதை நான் அறிவேன். 2017 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 2396 ஆம் இலக்கத் தீர்மானம் அதை எல்லா நாடுகளிடமும் கோருகிறது. ஆயினும் அவ்வாறு அனுப்பப்படுபவை முக்கியமாகப் பெயர், பிறந்த திகதி, நாட்டுரிமை, கடவுச்சீட்டு இலக்கம், விமான விவரம், பயணச்சீட்டைப் பதிவு செய்தபோது நாமே கொடுத்த தகவல்கள் ஆகியவைதாம். அவை அனைத்தும் அந்தக் கவுண்டருக்கு நாங்கள் வருமுன்பே தங்கள் கணினியில் இருந்தன. மறுபுறம், சென்றிறங்கும் நாட்டில் அனுமதி மறுக்கப்படும் பயணியைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு அவரை ஏற்றிச் சென்ற விமான நிறுவனத்தையே சேர்கிறது. சில நாடுகள் தண்டப்பணமும் விதிக்கின்றன. தோட்டத்து முகவரியைக் கண்டதும் தங்கள் ஊழியருக்கு ஏற்பட்ட கவலை இந்தச் செலவைப் பற்றியதுதான் என்று நான் கருதுகிறேன். அது தங்கள் வியாபாரக் கணக்கு. அதைத் தாங்கள் போட்டுப் பார்க்கலாம்; ஆனால் அதற்கு அரசாங்கத்தின் பெயரையும் பாதுகாப்பின் பெயரையும் கடன் வாங்கக் கூடாது.

நான் சோதனையே வேண்டாம் என்று சொல்பவள் அல்லள். 2001 ஜூலை 24 அன்று கட்டுநாயக்க விமான நிலையத்தின் மீது நடந்த தாக்குதலையும், 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளையும் பார்த்த நாட்டில் அப்படிச் சொல்பவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். மக்களின் அவநம்பிக்கைக்கு வேர் வேறிடத்தில் இருக்கிறது. 2007 ஜூன் 7 அன்று கொழும்பின் லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டபோதும் பாதுகாப்பே காரணமாகச் சொல்லப்பட்டது. மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத்தாராகிய எங்களுக்கோ பத்திரங்களைக் காட்டி எங்களை நிரூபிக்கும் வேலை, எங்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிய 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு தொடங்கியது. நாங்கள் பார்க்கச் சென்ற உறவினர்களும் இலங்கையும் இந்தியாவும் எங்களைப் பங்கிட்டுக்கொண்ட 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நீலகிரி மாவட்டத்துக் கூடலூரின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்களே. இவ்வளவுக்கும் பிறகு பிறந்த பிள்ளையிடம், அவளுடைய முகவரியை வைத்து, நீ திரும்பி வருவாயா என்று ஒரு விமான நிறுவனம் கேட்பது எங்களுக்கு எப்படிப் படும் என்பதைத் தங்கள் பயிற்சி வகுப்புகளில் யாரும் சொல்லித் தருவதில்லை போலும்.

சேகரித்தவை பத்திரமாக இருக்கும் என்ற உறுதிமொழியை ஏற்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அமெரிக்க விமான நிலையங்களில் உடல் முழுவதையும் படம் பிடிக்கும் ஸ்கேனர்கள் 2010 அளவில் பரவலாக்கப்பட்டபோது, அந்தப் படங்களைச் சேமிக்கவே முடியாது என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. வழக்குத் தொடர்ந்து பெறப்பட்ட ஆவணங்களோ, பரிசோதனை நிலையில் படங்களைச் சேமிக்கவும் அனுப்பவும் கூடிய கருவிகளையே அரசு கேட்டிருந்ததைக் காட்டின. 2019 ஜூனில் அதே நாட்டின் எல்லைப் பாதுகாப்புத் துறை, தன்னிடம் ஒப்பந்த வேலை செய்த நிறுவனமொன்று பயணிகளின் முகப் படங்களை விதிக்கு மாறாகத் தனது வலையமைப்புக்கு மாற்றியதாகவும், அங்கிருந்து அவை களவு போனதாகவும் அறிவித்தது. 2021 இல் ஏர் இந்தியாவின் சுமார் 45 இலட்சம் பயணிகளின் விவரங்கள் வெளியே கசிந்தன. அவையெல்லாம் காவல் உள்ள கணினிகளில் இருந்தவை. தங்கள் ஊழியர் எடுத்த படமோ அவருடைய சட்டைப்பையில் வீட்டுக்குப் போயிருக்கிறது.

இன்னுமொன்று. பயணத்துக்கென்று மகள் புதிதாக வாங்கிய சிம் அட்டையின் எண்ணை உறவினர்களைத் தவிர அந்தப் படிவத்தில் மட்டுமே எழுதினாள். நாங்கள் திரும்பி வந்த பிறகு, அவளுடைய பெயரையும் தோட்டத்தையும் குறிப்பிட்டு, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் ஒருவர் அதே எண்ணுக்குச் செய்தி அனுப்பியுள்ளார். அது தங்களிடமிருந்துதான் போனது என்று நிரூபிக்க என்னால் இயலாது. எனவே அப்படிக் குற்றஞ்சாட்டவும் இல்லை. ஆனால் விசாரிக்க வேண்டிய கடமை தங்களுடையது. மலையகத்துப் பெண்களை வெளிநாட்டு வீட்டு வேலைக்கு அனுப்பும் தரகர்களுக்கு இப்படியொரு பட்டியல் எவ்வளவு பெறுமதியானது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க, தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சம்மதம் என்பது விவரம் அறிந்து சுயவிருப்பத்தோடு தரப்படுவது. வாசிக்கத் தெரியாத மொழியில் அச்சிட்டு, ஏற விடமாட்டோம் என்று சொல்லிப் பெற்ற கையொப்பம் அந்த வகையில் சேராது. அச்சட்டத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துவதில் ஏற்பட்ட தாமதத்தைத் தங்கள் நிறுவனம் காரணமாகக் காட்டாது என்று எதிர்பார்க்கிறேன்.

ஆகவே, அந்தப் படிவத்தை எந்த விதியின் கீழ் வழங்கினீர்கள் என்பதை விதியின் இலக்கத்தோடு எழுத்தில் தெரிவிக்கவும். அது தங்கள் நிறுவனத்தின் சொந்த ஏற்பாடாக இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லி, எந்தப் பயணியிடம் அதைக் கொடுப்பது என்பதை எதைக் கொண்டு தீர்மானிக்கிறீர்கள் என்பதையும் அறியத் தரவும். மகளின் படிவமும் படங்களும் இப்போது யாரிடம் உள்ளன என்பதைச் சொல்லி, அவற்றை அழித்து, அந்தக் கைத்தொலைபேசியில் இருப்பவையும் அழிக்கப்பட்டதை உறுதிப்படுத்தவும். பதிலைத் தமிழில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அதை வாசிக்க வேண்டியவள் அவள்.

இம்மாத இறுதிக்குள் பதில் வராவிடின், இக்கடிதத்தின் பிரதியைத் தரவுப் பாதுகாப்பு அதிகார சபைக்கு அனுப்புவேன். தங்கள் ஊழியர் சொன்ன விதி உண்மையில் இருக்கிறதா என்று கேட்டு, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபைக்கு எழுதிய விண்ணப்பத்தைத் தங்கள் பதிலுக்குக் காத்திராமல் இன்றே தபாலில் சேர்க்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியை, ஹட்டன்.