நீ இங்கே வருவதற்கு முன்னால்

சாக்ரமெண்டோ, கலிபோர்னியா

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். அப்பாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? தினமும்தான் வாட்சப்பில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். நீ போனில் கேட்பதெல்லாம் குட்டியைப் பற்றித்தான். நான் பேசும்போது அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். "இன்னும் பேச்சு வரலையா?", "பெத்தவ எங்க இருக்கா?" என்று நீ கேட்பது எல்லாம் அவன் காதில் விழுகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளை, அவனுக்கு வாய்தான் பேசவில்லை, காது நன்றாகக் கேட்கும். நாலு வயதில் வந்தவன், இப்போது ஏழு. நம் வீட்டுத் தமிழ் அவனுக்கு நன்றாகவே புரிகிறது. அவனை வைத்துக்கொண்டே அவனைப் பற்றிப் பேச எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீதிபதி தத்து ஆணையில் கையெழுத்துப் போட்டுவிட்டார். புதுப் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் என்று எங்கள் பெயர்தான் இருக்கும். இனி அவனை யாரும் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள். இதை எழுதும்போதே கண் கலங்குகிறது அம்மா.

ஏன் இத்தனை வருஷம் இழுத்தது என்று பெரியப்பா கேட்டாராம். பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாமல் போகிற பிள்ளைகளை இங்கே அரசு தன் பொறுப்பில் எடுத்து, பெரும்பாலும் வேறு குடும்பங்களில்தான் தற்காலிகமாக விடுகிறது. 2023-ல் இந்த நாடு முழுக்க அப்படி அரசின் பொறுப்பில் இருந்த பிள்ளைகள் சுமார் 3,43,000 பேர். எங்கள் விரல் ரேகை எடுத்தார்கள், வீட்டைச் சோதித்தார்கள், மருந்து அலமாரிக்குப் பூட்டுப் போடச் சொன்னார்கள், பயிற்சி வகுப்பு, முதலுதவி வகுப்பு எல்லாம் முடிந்த பிறகுதான் அவன் வந்தான். ஆனால் அப்போதும் தத்துப் பேச்சே கிடையாது. பிள்ளையைப் பெற்றவளிடமே திருப்பிச் சேர்ப்பதுதான் சட்டத்தின் முதல் நோக்கம். அவளுக்கு அவகாசம் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீதிமன்றம் நிலைமையைப் பார்க்கும். அவள் தேறி வர வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டோம், அவன் போய்விடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டோம். இரண்டும் உண்மைதான். அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேச வேண்டாம் அம்மா. கஷ்டப்பட்டவள். அவளுக்குப் படமும் கடிதமும் அனுப்புவதாக எழுதிக்கொடுத்திருக்கிறோம்.

உன் பெட்டிகளைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். எங்களிடம் வருமுன் அவன் வேறு வீடுகளில் இருந்திருக்கிறான். இங்கே வந்த அன்று அவன் துணிமணி எல்லாம் குப்பை போடுகிற கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இருந்தது. இந்தப் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இதுதான் கதி. பை கட்டினால் வீடு மாறப் போகிறோம் என்று அவன் உடம்புக்கே தெரியும். போன வருஷம் உன் மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக வெளியூர் போகப் பெட்டியை எடுத்தார், குட்டி அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு ராத்திரி வரை வெளியே வரவில்லை. அதனால் நீ வந்ததும் பெட்டிகள் நேரே கார் ஷெட்டுக்குப் போய்விடும். நீ கிளம்புகிற நாளைப் படக் காலண்டரில் முன்கூட்டியே அவனுக்குக் காட்டி, நீ மட்டும்தான் போகிறாய், அவன் இங்கேதான் இருப்பான் என்று சொல்லிவைப்போம்.

அப்புறம் பேச்சு. நம் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை ஊமையாக இருந்து, திருச்செந்தூர் முருகன் சன்னிதியில் வாய் திறந்து பாடியதாகச் சொல்வார்களே, அதை நினைத்து நீயும் நேர்ந்துகொண்டிருக்கிறாய் என்று அப்பா சொன்னார். உன் பிரியம் எனக்குத் தெரியும். ஒருநாள் அவனைத் திருச்செந்தூருக்குக் கூட்டி வருவேன், கடலைப் பார்த்தால் குதிப்பான். ஆனால் பேச்சு வந்த பிறகுதான் அவன் முழுப் பிள்ளை என்று நினைத்துவிடாதே. அவன் டேப்லெட்டில் பேசுகிறான். திரையில் படமும் எழுத்துமாகக் கட்டங்கள் இருக்கும், அழுத்தினால் குரல் வரும்.

ஒரு சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். குக்கர் விசில் அவனுக்கு ஆகவே ஆகாது, காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். அன்றைக்கு ஓடவில்லை. டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்து மேடையில் வைத்தான். "நிறுத்து." ஒரு பக்கம் மாற்றித் தேடினான். "சத்தம்." அப்புறம் என் படம் இருக்கும் கட்டம். "அம்மா." அடுப்பை அணைத்துவிட்டேன். அரை வேக்காட்டுச் சாதத்தோடு அங்கேயே நின்று அழுதேன். அன்றிலிருந்து மின்சார குக்கரில்தான் சாதம்.

அது பள்ளியில் கொடுத்த ஆங்கிலச் செயலி. நீ வருகிறாய் என்று ஆவாஸ் என்ற செயலியையும் போட்டிருக்கிறேன். சென்னையில் உருவானது, தமிழும் உண்டு. இரண்டு மொழி பேசினால் இப்படிப்பட்ட பிள்ளைகள் குழம்பிப் போவார்கள் என்று முன்பெல்லாம் பயமுறுத்துவார்கள். ஆய்வுகளில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஆகவே நீ தாராளமாகத் தமிழிலேயே பேசு, கதை சொல்லு. பேசும்போதே நீயும் ஒன்றிரண்டு கட்டத்தை அழுத்திக் காட்டு, நாம் செய்வதைப் பார்த்துத்தான் அவன் கற்றுக்கொள்கிறான். ஆனால் அவன் கையைப் பிடித்து அழுத்தவைக்காதே. அப்படிக் கை பிடித்து எழுதவைக்கும் முறை ஒன்று இருந்தது. சோதித்துப் பார்த்தபோது, வந்த சொற்கள் பிடித்தவருடையவை என்று தெரிந்தது. இங்குள்ள பேச்சுப் பயிற்சியாளர் சங்கமே 2018-ல் அதைச் செய்யக் கூடாது என்று அறிவித்துவிட்டது. நீ கேட்டால் அவன் பதில் சொல்ல நேரமாகும். காத்திரு.

கையை உதறுவான், முனகுவான். அது அவனுக்கு நிம்மதி, தடுக்காதே. தயிர்சாதமும் அப்பளமும்தான் இஷ்டம், வற்புறுத்தி ஊட்டாதே. வாசல் கதவில் உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கும், போட மறக்காதே. அமெரிக்கன் ஆறு இங்கிருந்து பக்கம்தான், தண்ணீரென்றால் அவனுக்கு உயிர். இப்படி வெளியே ஓடிப்போகும் பிள்ளைகளில் உயிர் போவது பெரும்பாலும் தண்ணீரில்தான். நீச்சல் பழக்குகிறோம், என்றாலும் தாழ்ப்பாள் தாழ்ப்பாள்தான். "ரெண்டு போட்டா சரியாயிடும்" என்று சித்தி சொன்னாளே, அந்தப் பேச்சே இந்த வீட்டில் கிடையாது. அடி நிறைய வாங்கிவிட்டு வந்த பிள்ளை.

உங்களுக்குப் பிறகு அவனை யார் பார்ப்பார்கள் என்பதுதானே உன் பெரிய கவலை? எனக்கும் அதுதான். கலிபோர்னியாவில் 1969-லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது, அதன்படி இவனைப் போன்றவர்களுக்கு ஆயுள் முழுக்க உதவி கேட்கும் உரிமை உண்டு. பள்ளியும் 22 வயது வரை. அது போதுமா என்றால் போதாது. மனிதர்கள் வேண்டும். அவனைத் தெரிந்தவர்கள், அவன் சொல்வதைக் காத்திருந்து கேட்பவர்கள். நீ வந்து அவனோடு இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு ஆசைப்படுவது அதற்காகத்தான்.

சரி, ஒரு வேலை சொல்கிறேன். உன் படம், அப்பா படம், திண்ணை, பசு, கன்றுக்குட்டி, தாமிரபரணிப் படித்துறை, எல்லாவற்றையும் தனித்தனியாகப் போனில் எடுத்து அனுப்பு. வெளிச்சத்தில் எடு, முகம் தெரிய வேண்டும். நீ வருவதற்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்டு வைக்கிறேன். "ஆச்சி" கட்டத்தில் வைக்க உன் படம்தான் அவசரம், அதை முதலில் அனுப்பு.

அன்புடன்,
உன் மகள்