ஊழியமும் இல்லறமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சமய நம்பிக்கை தனிமனித விருப்பமாகச் சுருங்கிவரும் இக்காலத்தில், திருமணமும் இருவர் விரும்பும்வரை நீடிக்கும் ஏற்பாடாகவே பலராலும் பார்க்கப்படுகிறது; கிறிஸ்தவ விசுவாசமோ அதைக் கடவுள்முன் செய்யும் உடன்படிக்கை என்கிறது. 1525இல் கிறிஸ்தவச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் முன்னாள் கன்னியாஸ்திரி கத்தரீனாவை மணந்து அமைத்த இல்லம், பிற்காலப் போதகர் குடும்பங்களுக்கு முன்மாதிரியாயிற்று. இன்று திருச்சபை ஊழியத்தின் பெயராலேயே அத்தகைய இல்லங்கள் புறக்கணிக்கப்படுவதைக் காண மனம் வலிக்கிறது. எந்நேரமும் பிறர் துயரைக் கேட்கும் போதகருக்குத் தம் மனைவியின் களைப்பைக் கேட்க நேரமிருப்பதில்லை. அந்த அம்மையாரோ, சபையில் எவரிடமும் மனம்திறக்க இயலாமல் (இதை என் வீட்டிலேயே கண்டேன்) தனித்து நிற்கிறார். சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதவன் சபையை எப்படிப் பேணுவான் என்று விவிலியத்தில் திருத்தூதர் பவுல் எழுப்பும் கேள்வி போதகருக்கு மட்டுமன்று, சபைக்கும் உரியது. வாரத்தில் ஒரு நாளையாவது போதகரின் குடும்பத்துக்கென விட்டுக்கொடுக்கச் சபைகள் முன்வர வேண்டும்.

இங்ஙனம்,
போதகர் ஒருவரின் மகள்