அந்த மூன்றாவது பாடவேளை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் நடக்கும் பேண்டு வகுப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஃப்ளூட், கிளாரினெட், டிரம்பெட், டிராம்போன் என்று ஆளுக்கொரு கருவியைக் கொடுத்து, ஒரே அறையில் சேர்ந்தே கற்றுக்கொடுக்கும் முறையைக் கட்டுரையாளர் மனதாரப் பாராட்டியிருந்தார். 20 ஆண்டுகளாக இதே வேலையைச் செய்துவரும் எனக்கு அது பெரும் மகிழ்ச்சி. ஆனால் ஓர் ஆசிரியரை வைத்தே 30 பேருக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று சிக்கனத்தை இந்த முறையின் சிறப்பாகச் சொன்ன இடத்தில் என் மனம் ஒப்பவில்லை. அந்த வரியைப் பள்ளி நிர்வாகங்கள் எப்படிப் புரிந்துகொள்ளும் என்பதை அனுபவத்தில் பார்த்துவிட்டேன்.

சேர்ந்து ஊதுவதில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பலன் வேறு. பியானோவில் கட்டையை அழுத்தினால் அந்த ஸ்வரம் வந்துவிடும். டிரம்பெட்டில் அப்படி இல்லை. மூன்று வால்வுகளில் ஒன்றைக்கூட அழுத்தாமலே கீழ் சி, ஜி, மேல் சி (மேற்கத்திய இசையில் ஸ்வரங்களுக்கு எழுத்துகள்தான் பெயர்) என்று பல ஸ்வரங்கள் வரும். எது வரவேண்டும் என்பதை உதடும் மூச்சும்தான் முடிவு செய்கின்றன. அதனால் ஊதுவதற்கு முன்பே அந்த ஸ்வரம் பிள்ளையின் காதுக்குள் இருந்தாக வேண்டும். தனியாக உட்கார்ந்து ஊதும் 10 வயதுப் பிள்ளைக்கு அது எங்கிருந்து கிடைக்கும்? வகுப்பில் பக்கத்து நாற்காலியிலிருந்து கிடைக்கிறது.

பேண்டு வகுப்பில் பெரும்பாலும் பி ஃப்ளாட் ஸ்வரத்தில்தான் தொடங்குவோம். கருவிக்குக் கருவி எழுதும் முறை வேறு என்பதால், கிளாரினெட், டிரம்பெட் பிள்ளைகள் தங்கள் இசைக்குறிப்புத் தாளில் அதை சி என்று படிப்பார்கள். ஆல்டோ சாக்ஸபோன் தாளில் அது ஜி. ஆளுக்கொரு பெயரில் படித்தாலும் காதில் விழுவது ஒரே ஸ்வரம். முதன்முதலாக அது அறை முழுக்கச் சுருதி சேர்ந்து நிற்கும்போது, நான் கையை இறக்கிய பிறகும் விட மனமில்லாமல், முகம் சிவக்கச் சிவக்க இழுத்துப் பிடித்து ஊதுவார்கள். ஒரு பிள்ளையைத் தனியே உட்காரவைத்து அந்தச் சந்தோஷத்தை என்னால் கொடுக்க முடியாது.

இன்னொரு வசதியும் உண்டு. புதிதாகக் கற்பவர்களுக்குப் பித்தளைக் கருவிகளில் சீக்கிரமே உதடு சோர்ந்துவிடும். ஃப்ளூட்டில் ஊதும் காற்றில் நிறைய வெளியே போய்விடுவதால் தலை சுற்றும். சேர்ந்த வகுப்பில் ஒரு வரிசை ஊதும்போது மற்ற வரிசை விரலை மட்டும் வைத்துப் பார்த்து ஓய்வெடுக்கலாம்.

ஆனால் 30 கருவிகள் ஒலிக்கும் அறையில் ஒரு பிள்ளையின் பிழை மறைந்துவிடும். ஒரு பையனின் கிளாரினெட் இரண்டு வாரமாகக் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. வாயில் வைக்கும் ரீடு என்ற மெல்லிய பட்டையைக் கடிக்கிறான் என்று நினைத்து, நான் முன்னால் நின்றபடி, "ரீடைக் கடிக்காதேப்பா, மெதுவா ஊது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் பயந்துபோய் இன்னும் மெதுவாக ஊதினான். மூச்சு குறைந்ததே தவிரக் கீச்சு குறையவில்லை. கிளாரினெட் பிள்ளைகள் ஐந்து பேர் மட்டும் என்னோடு உட்காரும் வகுப்பு வாரத்துக்கு ஒன்று உண்டு. அங்கேதான் அவன் கையை அருகில் பார்த்தேன். இடது கை மோதிர விரல் துளையின் மேல் வளைந்து, நுனியால் மட்டும் மூடியிருந்தது. ஓரத்தில் மயிரிழை இடைவெளி. ஸ்வரத்தைக் கெடுக்க அந்தக் கசிவு போதும். விரலைச் சற்று நீட்டிச் சதைப்பகுதியால் மூடச் சொன்னேன். சி ஒழுங்காக வந்தது. விரலை எடுத்துப் பார்த்தான். துளையின் விளிம்பு முழு வட்டமாகச் சதையில் பதிந்திருந்தது. அதன்பிறகு ஊதி முடித்ததும் விரலைத் திருப்பி அந்த வட்டத்தைத் தானே பார்த்துக்கொள்வான்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் இந்தச் சிறு குழு வகுப்பைத்தான் முதலில் வெட்டினார்கள். மொத்த வகுப்பு நன்றாகத்தானே நடக்கிறது, இது எதற்கு என்றார்கள். அந்த ஆண்டு விழாவில் பேண்டு நன்றாகவே ஒலித்தது. மறு ஆண்டு ஸ்வரங்கள் மேலே ஏற ஏற, டிரம்பெட் பிள்ளைகள் ஊதும் முனையான மவுத்பீஸை உதட்டில் அழுத்தியே ஒப்பேற்றி வந்தது வெளியே தெரிந்தது. உதடு வலித்து, ஒவ்வொருவராகக் கருவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். "எனக்கு மியூசிக் வராது மிஸ்" என்றாள் ஒரு பெண். அவளுக்கு வராமல் இல்லை. ஒரு வருடமாக அவள் உதட்டை நான் அருகில் உட்கார்ந்து பார்க்கவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

வாரத்துக்கு இரண்டு பாடவேளை மொத்த வகுப்பு என்றால், மூன்றாவதாக ஒன்று கருவிவாரியான சிறு குழுவுக்கு இருக்க வேண்டும். கிளாரினெட் வாசிக்கும் ஆசிரியருக்கு டிராம்போனின் நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அந்த ஒரு வேளைக்குத் தெரிந்தவரை வரவழைக்கலாம். ஆள் கிடைக்காவிட்டால் கருவி வகைகளைக் குறைத்துக்கொள்ளலாம். நான்கு வகையோடு தொடங்கினாலும் அது பேண்டுதான்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, மொத்த வகுப்பைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு குழு வகுப்பிலும் உங்கள் கட்டுரையாளர் அரைமணி நேரம் இருந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளி இசையாசிரியை ஒருவர்